அணையாத காந்தம்

நோயுற்றோரைச் சந்திக்க இல்லங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் செல்லுங்கால், இக்காலத்தில் நம் காதில் அடிக்கடி விழும் சொல் 'எம்.ஆர்.ஐ.' என்பதாகும். முதுகுவலி, மூட்டுவலி, தீராத தலைவலி, வலிப்பு, பக்கவாதம் என எதுவாயினும் மருத்துவர் அந்தப் படத்தை எடுத்துவரப் பணிக்கிறார். உடனே குடும்பத்தில் கலக்கம் சூழ்கிறது. "குகை மாதிரி ஒன்றுக்குள் தள்ளி, உடம்பு முழுக்கக் கதிரைப் பாய்ச்சுவார்களாமே, சாமி! இந்த வயதில் தாங்குமா?" என்று முதியவர் கேட்கிறார். அவருடைய பேரனோ, கழுத்தில் சங்கிலியும் இடுப்பில் சாவிக்கொத்துமாக, தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அறைக்குள்ளேயே நுழைய முற்படுகிறான். அங்கே இல்லாத ஒன்றுக்கு முதியவர் அஞ்சுகிறார். அங்கே இருக்கிற ஒன்றை இளைஞன் அறியவில்லை. இல்லாதது ஊடுகதிர். இருப்பது காந்தம். இவ்விரண்டையும் நம் குடும்பத்தினர் பிரித்தறிய வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதலானோம்.

காந்தம் மனிதனுக்குப் புதிய வியப்பன்று. ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரின் ஆயராய் விளங்கிய புனித அகுஸ்தினார், 'இறைவனின் நகர்' என்னும் தம் பெருநூலின் 21ஆம் புத்தகத்தில் காந்தக்கல்லைப் பற்றி எழுதியுள்ளார். அக்கல் ஓர் இரும்பு வளையத்தை ஈர்த்ததையும், அவ்வளையம் இன்னொன்றை ஈர்க்க, வளையங்கள் ஒன்றுடன் ஒன்று கோக்கப்படாமலே சங்கிலிபோல் தொங்கியதையும் முதன்முதலில் கண்டபோது தாம் திடுக்குற்றதை அவர் மறைக்கவில்லை. அவருடைய நண்பரும் மிலேவி நகர ஆயருமான செவேருஸ் கூறிய செய்தி இன்னும் சுவையானது. படைத்தலைவர் ஒருவரின் விருந்தில், வெள்ளித் தட்டின்மேல் ஓர் இரும்புத் துண்டை வைத்து, தட்டின் கீழே காந்தக்கல்லைப் பிடித்து அசைத்தார்களாம். கீழே கை சென்ற பக்கமெல்லாம் மேலே இரும்பு ஓடியது. இடையிலிருந்த வெள்ளிக்கோ யாதொன்றும் நேரவில்லை.

நாம் அறிய வேண்டியதில் பாதி இந்த விருந்து மேசையிலேயே இருக்கிறது. காந்தத்தின் ஆற்றல் வெள்ளியை ஊடுருவிச் சென்றது. ஆனால் அதனை இழுக்கவில்லை. இரும்பை மட்டும் இழுத்தது. மருத்துவமனைக் காந்தத்தின் நடுவே கிடத்தப்படும் மனித உடலும் ஏறத்தாழ அந்த வெள்ளித் தட்டைப் போன்றதே.

இரும்புக்கு மட்டும் ஏன் இந்த விதி? இரும்புத் துண்டினுள் கண்ணுக்குப் புலப்படாத எண்ணற்ற சிறு பகுதிகள் உள்ளன. ஒவ்வொரு பகுதியும் தன்னளவில் ஒரு காந்தமேயாகும். ஆயின் அவை நாலா திசையிலும் நோக்கிக் கிடப்பதால், ஒன்றின் வலிமையை மற்றொன்று அழித்துவிடுகிறது. வெளியிலிருந்து ஒரு காந்தம் நெருங்கியவுடன் அவை ஒரே திசைக்குத் திரும்புகின்றன. இரும்பு தானே காந்தமாகிவிடுகிறது. பின்னர் காந்தமும் காந்தமும் ஒன்றையொன்று தேடுகின்றன. நிக்கல், கோபால்ட் ஆகிய உலோகங்களும் இவ்வகையினவே. தங்கம், வெள்ளி, செம்பு, அலுமினியம், டைட்டானியம் ஆகியவற்றில் இத்தகைய பகுதிகள் இல்லை.

"நம் இரத்தத்திலும் இரும்பு இருக்கிறதே, அதை இழுத்துவிடாதா?" என்று பள்ளிச் சிறுமி ஒருத்தி நம்மிடம் கேட்டதுண்டு. பெரியவர்கள் கேட்கத் தயங்கும் நல்ல கேள்வி இது. மனித உடலில் மொத்தம் மூன்று அல்லது நான்கு கிராம் இரும்புதான் உண்டு. அதுவும் ஆணியைப் போலத் திரண்டு கிடக்கும் இரும்பன்று. இரத்தச் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபின் என்னும் பெரிய மூலக்கூற்றில் தனித்தனி அணுவாகப் பிணைந்து கிடப்பது. அணுக்கள் திரளாதபோது மேற்சொன்ன சிறு பகுதிகள் உருவாவதில்லை. 1936ஆம் ஆண்டு அமெரிக்க வேதியியலர் லைனஸ் பாலிங், சார்லஸ் கோரியெல் என்பாருடன் இதனை ஆராய்ந்து, உயிர்வளியை ஏந்திய இரத்தம் காந்தத்தால் மிகச் சிறிதளவு விலக்கப்படுகிறது என்றும், உயிர்வளியை இழந்த இரத்தம் மிகச் சிறிதளவு ஈர்க்கப்படுகிறது என்றும் கண்டனர். நோயாளி உணரக்கூடிய அளவன்று இது. ஆயினும் இந்த நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டு, மூளையில் எப்பகுதி உழைக்கிறது என்பதைப் படமாகக் காணும் வழியை 1990இல் செய்ஜி ஒகாவா என்னும் ஜப்பானிய அறிஞர் திறந்துவைத்தார்.

நீரும் காந்தத்தால் சற்றே விலக்கப்படும் பொருளே. நெதர்லாந்தில் அந்நாளில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் என்றே பெயர் தாங்கியிருந்த நைமேகன் பல்கலைக்கழகத்தில், 1997ஆம் ஆண்டு, ஏறத்தாழ 16 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்தின் மேல் ஓர் உயிருள்ள தவளையை அந்தரத்தில் மிதக்கவிட்டுக் காட்டினர். தவளைக்குத் தீங்கு ஏதும் நேரவில்லை. நோயாளிகள் மிதந்துவிடுவார்களோ என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. மருத்துவமனைக் காந்தத்தின் வலிமை அதில் பத்தில் ஒரு பங்கே.

பத்தில் ஒரு பங்கு என்றதும் எளிதாக எண்ணிவிடலாகாது. காந்தப்புலத்தை அளக்கும் அலகாகிய 'டெஸ்லா', நிக்கோலா டெஸ்லா என்ற அறிஞரின் பெயரால் வழங்குவது. (அவர் ஒரு செர்பிய ஆர்த்தடாக்ஸ் குருவின் மகன் என்பதை இங்கே சொல்லிவைப்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி.) தென்னிந்தியாவில் திசைகாட்டியின் முள்ளைத் திருப்பும் புவிக்காந்தத்தின் அளவு, ஒரு டெஸ்லாவை இருபத்தையாயிரம் கூறாக்கினால் அதில் ஏறத்தாழ ஒரு கூறு. நம் ஊர் மருத்துவமனைகளில் பெரிதும் காணப்படும் கருவியின் வலிமை 1.5 டெஸ்லா, சிலவற்றில் 3 டெஸ்லா. அதாவது, நம் மண்ணின் காந்தத்தைப்போல் முப்பத்தேழாயிரம் மடங்குக்கும் அதிகம்.

இத்தகைய காந்தத்தைக் கல்லால் ஆக்க இயலாது. கம்பிச் சுருளில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது காந்தமாகும். மின்னோட்டம் காந்த முள்ளை அசைக்கும் என்று கோபன்ஹேகனில் ஓர்ஸ்டெட் 1820ஆம் ஆண்டு கண்டதன் பயன் இது. ஆனால் சாதாரணக் கம்பியில் இவ்வளவு மின்னோட்டத்தைச் செலுத்தினால் அது கடுமையாகச் சூடேறும். இதற்கு வழி பிறந்தது 1911இல். நெதர்லாந்தின் லெய்டன் நகரில் காமர்லிங் ஓனஸ், பாதரசத்தைப் பூச்சியத்திற்குக் கீழே 269 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்தபோது, மின்னோட்டத்துக்கு அது காட்டிவந்த தடை முற்றிலும் மறைந்துவிட்டதைக் கண்டார். இதனை மீக்கடத்தல் என்பர். இன்றைய கருவிகளில் பாதரசம் இல்லை. நியோபியம், டைட்டானியம் கலந்த கம்பி, திரவ ஹீலியத்தால் அதே கடுங்குளிரில் வைக்கப்படுகிறது. ஹீலியம் என்றதும் ஒரு செய்தி. பூமியில் கண்டறியப்படுமுன் கதிரவனிடம் கண்டறியப்பட்ட பொருள் அது. 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் நேர்ந்த முழுச் சூரிய கிரகணத்தை, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் கூடாரமிட்டு வானியலார் ஆராய்ந்தது அந்தக் கண்டுபிடிப்பு வரலாற்றின் முதல் பக்கமாகும்.

இனி நாம் சொல்லப்போவதே இக்கட்டுரையில் முதன்மையானது. தடையே இல்லாத கம்பியில் ஒருமுறை மின்னோட்டத்தைச் செலுத்தி, கம்பியின் இரு முனைகளையும் இணைத்துவிட்டால், அந்த மின்னோட்டம் ஆண்டுக்கணக்கில் தானே சுற்றிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து மின்சாரம் ஊட்ட வேண்டுவதில்லை. படம் எடுக்காத நேரத்திலும் காந்தம் இருக்கிறது. இரவில் அறையைப் பூட்டிச் சென்ற பின்னும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் இருக்கிறது. ஊரெங்கும் மின்சாரம் நின்று விளக்குகள் அணைந்தாலும், அந்த இருட்டறையில் காந்தம் குன்றாமல் இருக்கிறது. கணினித் திரை இருண்டிருப்பதையும் ஓசை அடங்கியிருப்பதையும் கண்டு "கருவியை நிறுத்திவிட்டார்கள்" என்று எண்ணுவது எவ்வளவு இயல்பு! எவ்வளவு ஆபத்து! அவசரத்தில் காந்தத்தை நிறுத்துவதற்கு உள்ளது ஒரே வழி: கம்பியைச் சூடேறச் செய்து, ஹீலியம் முழுவதையும் கொதித்து வெளியேறவிடுவது. திரவ ஹீலியம் வாயுவாகுங்கால் எழுநூறு மடங்குக்கு மேல் விரியும். பெருஞ்செலவும் அபாயமும் உள்ள செயலாதலால், உயிருக்கு இடர் நேர்ந்தாலன்றி அதைச் செய்வதில்லை.

2018ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மும்பையில் இளைஞர் ஒருவர், உறவினரான நோயாளிக்கு உதவும்பொருட்டு, உயிர்வளி உருளையைத் தாமே சுமந்துகொண்டு எம்.ஆர்.ஐ. அறைக்குள் சென்றார். கருவி இயங்கவில்லை என்று ஊழியர் ஒருவர் கூறியதாகக் குடும்பத்தினர் தெரிவித்தனர். கருவி படம் எடுக்காமல் இருந்திருக்கலாம். காந்தம் காந்தமாகவே இருந்தது. உருளையையும் அதைப் பிடித்திருந்தவரையும் அது இழுத்துக்கொண்டது. உதவப் போனவர் உயிரிழந்தார். 2001ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்திலும் இதே போன்றதோர் உருளை பறந்து வந்து தாக்க, கருவிக்குள் கிடத்தப்பட்டிருந்த ஆறு வயதுச் சிறுவன் மாண்டான். அங்கும் உருளை கொண்டுவரப்பட்டது அவனுக்கு மூச்சளிக்கத்தான்.

இந்த ஆபத்தின் தன்மையைச் சற்று விளக்குவோம். காந்தம் இரும்பை இழுக்கும் விசை, புலத்தின் வலிமையை மட்டும் பொறுத்ததன்று. இடத்துக்கு இடம் அவ்வலிமை எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதையும் பொறுத்தது. அம்மாற்றம் மிகுதியாக இருப்பது குகைவாயிலின் அருகே. அதனால், வாயிற்படியைத் தாண்டி இரண்டடி வைக்கும்வரை கையிலுள்ள இரும்பு அமைதியாக இருக்கும். அடுத்த அடியில் கையை விட்டுப் பறந்துவிடும். பிடித்துக்கொள்ள வலிமை போதும் என்று கருதுவோர், தம் எச்சரிக்கைக்கு அங்கே நேரமே கிடைப்பதில்லை என்பதை அறிய வேண்டும். சக்கர நாற்காலி, தள்ளுவண்டி, கத்தரிக்கோல், நாணயம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இத்தனையும் இருக்க, நாம் சென்ற ஒரு நிலையத்தில் (பெயர் வேண்டா) வாயிலிலிருந்த எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. சுற்றிலும் அமர்ந்திருந்தோரில் அதைப் படிக்கக்கூடியவர் எத்தனை பேர் என்று அதை எழுதி மாட்டியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

அப்படியாயின் இரும்பே இல்லாத நம் உடலில் இக்காந்தம் எதைப் பற்றிக்கொண்டு படம் எடுக்கிறது? நீரை. வளர்ந்த மனித உடலின் எடையில் பாதிக்கு மேல் நீர். நீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் அணுக்கள் நிறைந்துள்ளன. ஹைட்ரஜன் அணுவின் கரு, புரோட்டான் என்னும் ஒற்றைத் துகள். அது தன்னைத்தானே சுற்றும் பம்பரம் போன்றதும், மிக நுண்ணிய காந்தம் போன்றதுமாம். பம்பரம் என்பது உவமையே; உள்ளபடி அது சுற்றுகிறதா என்று இயற்பியலாரைக் கேட்டால் அவர்கள் நெளிவார்கள். எனினும் உவமை நம் தேவைக்குப் போதும்.

வெளியே இருக்கும்போது இந்தப் பம்பரங்கள் மனம்போன திசையில் சாய்ந்து கிடக்கின்றன. பெருங்காந்தத்தினுள் சென்றவுடன் சில காந்தத்தின் திசையிலும், சில எதிர்த்திசையிலும் நிற்கின்றன. ஏறத்தாழ இரண்டும் சமமே. பத்து இலட்சம் புரோட்டான்களை எண்ணினால், காந்தத்தோடு இசைந்து நிற்பவை மற்றவற்றைவிட ஏறத்தாழ ஐந்தே ஐந்து கூடுதலாக இருக்கும். அந்த ஐந்தை நம்பித்தான் இவ்வளவு பெரிய கருவி. கிதியோனின் படையை நினைவூட்டும் கணக்கு! ஆயினும் ஒரு சொட்டு நீரிலேயே ஹைட்ரஜன் அணுக்கள் எண்ணிலடங்கா; ஆகவே அந்தச் சிறு மிகுதியும் பல கோடி கோடியாகிவிடுகிறது.

தளர்ந்த பம்பரம் தலையாட்டிக்கொண்டே சுற்றுவதுபோல, புரோட்டான்களும் காந்தத் திசையைச் சுற்றித் தலையாட்டுகின்றன. அந்த ஆட்டத்துக்கு ஓர் அளவு உண்டு: 1 டெஸ்லாவில் நொடிக்கு 4 கோடியே 26 இலட்சம் முறை, 1.5 டெஸ்லாவில் ஏறத்தாழ 6 கோடியே 40 இலட்சம் முறை, அதாவது 64 மெகாஹெர்ட்ஸ். இந்த எண்ணை வானொலி கேட்போர் உடனே புரிந்துகொள்வர். பண்பலை நிலையங்கள் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை ஒலிபரப்புகின்றன. அதற்குச் சற்றே கீழே உள்ளது இது. எனவே கருவி நம் உடலுக்குள் அனுப்புவது வானொலி அலையே. சிற்றலையில் வேரித்தாஸ் வானொலியைத் தேடிக் குமிழைத் திருகிய கைகளுக்கு ஒத்ததிர்வு என்பதை விளக்க வேண்டுவதில்லை. மயிரிழை தவறினாலும் இரைச்சல். சரியான இடத்தில் நின்றால் குரல் தெளிவாக வரும். அதே போல, சரியாக அதே அதிர்வெண்ணில் வரும் அலையை மட்டுமே புரோட்டான்கள் ஏற்றுச் சாய்கின்றன. அலையை நிறுத்தியதும், ஏற்ற ஆற்றலை விட்டு மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. திரும்புங்கால் தாமே ஒரு மெல்லிய வானொலிக் குரலை எழுப்புகின்றன. அக்குரலைக் கேட்பதே இக்கருவியின் வேலை.

எல்லாத் திசுக்களிலும் அவை ஒரே விரைவில் திரும்புவதில்லை. கொழுப்பிலுள்ளவை கால் நொடியளவில் மீள, மூளையைச் சூழ்ந்த நீரிலுள்ளவை சில நொடிகள் எடுத்துக்கொள்கின்றன. எலிகளின் புற்றுக்கட்டிகளில் இந்த மீட்சி நேரம் நல்ல திசுவிலிருந்து வேறுபடுவதை 1971இல் ரேமண்ட் டமாடியன் என்னும் அமெரிக்க மருத்துவர் வெளியிட்டார். ஆயின் குரல் கேட்கிறதேயன்றி அது உடலின் எவ்விடத்திலிருந்து வருகிறது என்று தெரியவில்லை. அதற்கு விடை கண்டவர் பால் லாட்டர்பர். காந்தப்புலத்தை ஒரு முனையில் சற்றே மிகுத்தும் மறுமுனையில் சற்றே குறைத்தும் வைத்தால், ஒவ்வோரிடத்துப் புரோட்டானும் வெவ்வேறு சுருதியில் பாடும். சுருதியைக் கொண்டு இடத்தை அறியலாம். 'நேச்சர்' இதழ் முதலில் மறுத்துப் பின்னர் 1973இல் வெளியிட்ட அவர் கட்டுரையில் இருந்த படம், நீர் நிரப்பிய இரண்டு சிறு குழாய்களின் உருவம் மட்டுமே. இங்கிலாந்தில் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு படமெடுக்கும் விரைவைப் பெருக்கினார். 1978இல் தம் குழுவினரின் முழு உடல் கருவிக்குள் முதலில் படுத்தவரும் அவரே. 2003ஆம் ஆண்டு இவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. தம்மை விட்டுவிட்டார்கள் என்று டமாடியன் செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து முறையிட்டார். அறிவியலாரும் மனிதர்தாமே.

கருவிக்குள் கேட்கும் 'தடதட' என்ற பேரோசைக்கும் லாட்டர்பரின் வழியே காரணம். புலத்தைக் கூட்டிக் குறைக்கும் சுருள்களில் மின்னோட்டம் நொடிதோறும் பலமுறை மாற, பெருங்காந்தம் அச்சுருள்களை உலுக்குகிறது. ஒலிபெருக்கி ஒலிப்பதும் இதே முறையில்தான். கருவி பழுதாகிவிட்டதென்று பதறி எழுந்துவிட வேண்டா. காதுக்கு அடைப்பான் தருவார்கள்; தராவிடில் கேட்டு வாங்குக.

இனி அந்த முதியவரின் கேள்விக்கு வருவோம். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் ஆகியவற்றில் பயன்படும் ஊடுகதிர், அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பெயர்க்கவல்லது. அதனால்தான் அவற்றை அளவோடு எடுக்கின்றனர். எம்.ஆர்.ஐ. கருவியின் வானொலி அலைக்கு அந்த ஆற்றல் இல்லை. உடலைச் சிறிது வெதுவெதுப்பாக்கும். அந்த வெப்பத்துக்கும் வரம்பு வகுத்துள்ளனர். தொடக்கத்தில் இம்முறையின் பெயரில் 'அணுக்கரு' என்ற சொல்லும் இருந்தது. அணுகுண்டை நினைத்து மக்கள் மிரள்வார்கள் என்று அதை எடுத்துவிட்டார்கள். மிரட்சி என்னவோ முழுதும் போகவில்லை.

நடைமுறைக்கு வேண்டிய சில செய்திகள். அறைக்குச் செல்லுமுன் கேட்கப்படும் கேள்விகளுக்கு ஒளிக்காமல் விடை கூற வேண்டும். இதயமுடுக்கி, செவிக்குள் பொருத்திய கேட்புக் கருவி, மூளை இரத்தக்குழாயில் இட்ட கவ்வி இவற்றுள் ஏதேனும் இருந்தால் அதற்குரிய மருத்துவச் சீட்டைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். இவற்றில் புதிய வகைகள் சில, நிபந்தனைகளோடு உள்ளே செல்லத்தக்கவையாக உள்ளன. எலும்பில் பொருத்திய டைட்டானியத் தகடு பெரும்பாலும் இடையூறு செய்யாது. ஆயினும் சொல்லியாக வேண்டும். கடைசல் பட்டறையிலும் வெல்டிங் தொழிலிலும் இருப்போர் கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் பாய்ந்ததுண்டா என்று நினைவுகூர்ந்து கூறுக. கண்ணில் தங்கிய துணுக்கு அசைந்தால் பார்வை போகும். இலங்கைப் போரில் எறிகுண்டுச் சிதறல்களை உடலில் தாங்கிவந்த குடும்பத்தினர் நம் மறைமாவட்டங்களிலும் வாழ்கின்றனர். பழைய காயம்தானே என்று அவர்கள் வாளாவிருத்தல் கூடாது. கருவுற்ற பெண்களும், சிறுநீரக நோயுள்ளோரும் தம் நிலையை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சிலருக்கு ஊசிவழி செலுத்தும் கடோலினிய மருந்து இவர்களுக்கு எல்லாச் சமயத்திலும் ஏற்றதன்று.

நம் பெண்மக்கள் தயங்கி நிற்பது தாலியைக் கழற்றும்படி சொல்லும்போது. கணவர் படுக்கையில் கிடக்கத் தாலியைக் கழற்றுவதா என்று ஒரு தாய் அழுததையும், கணவருக்குத்தான் படம் எடுக்கிறார்கள், உங்களுக்கன்று என்று விளக்கிய பின்னரே தேறியதையும் நாம் கண்டிருக்கிறோம். ஆனால் படம் அவருக்கே எடுக்க வேண்டியிருந்தாலும் தயக்கத்திற்கு இடமில்லை. தங்கம் காந்தத்தால் இழுக்கப்படாது என்பது மெய். எனினும் அது மின்சாரத்தைக் கடத்தும் உலோகம்; வானொலி அலையால் சூடேறிச் சுடக்கூடும்; படத்தையும் கெடுக்கும். தாலிச் சங்கிலியில் கோத்து வைக்கும் ஊக்குகளோ இரும்பு. திருமணம் என்னும் திருவருட்சாதனம் மணமக்கள் இருவரின் சம்மதத்தால் ஆவது. தாலி அதற்கு நம் நாட்டு வழக்கம் அளித்த அழகிய அடையாளம். அரைமணி நேரம் மகளின் கையில் கொடுத்துவைத்தால் அந்தச் சம்மதம் குறைந்துபோவதில்லை. வெறுங்கழுத்து மனத்தை வருத்துமாயின், பருத்தி நூல் ஒன்றை அணிந்துகொள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

உத்தரியத்தைப் பற்றியும் கேட்கின்றனர். துணி உத்தரியத்தில் உலோகம் இராது. அதைக் காட்டி இசைவு பெறலாம். 1910ஆம் ஆண்டு திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் துணிக்குப் பதிலாக அணிய அனுமதித்த உலோகப் பதக்கத்தையோ கழற்றியே தீர வேண்டும். கழுத்துச் சிலுவை, செபமாலை, கைவிரலில் அணியும் செபமோதிரம், அரைஞாண் எல்லாம் அவ்வாறே. செபமாலைக்கு நமக்குப் பத்து விரல்கள் உள்ளன. உள்ளே அசையாமல் கிடக்கும் நேரம் பெரும்பாலும் இரண்டு மூன்று செபமாலைகளுக்குப் போதுமானது. குறுகிய இடத்தில் மூச்சு முட்டுவோர் முன்னரே தொழில்நுட்பரிடம் கூறினால், கையில் ஒரு மணிப்பந்து தருவார்கள். அதை அழுத்தினால் வெளியே கேட்கும், உடனே வருவார்கள்.

படம் எடுக்குமுன் நோயில் பூசுதல் பெற விரும்புவோர், குருவை முந்தின நாளே இல்லத்துக்கோ, அல்லது அந்த அறைக்கு வெளியேயுள்ள காத்திருப்புக் கூடத்துக்கோ அழைத்துக்கொள்க. குருவின் தைலச் சிமிழ் எவ்வுலோகத்தால் ஆனதென்று பெரும்பாலும் குருவுக்கே தெரிவதில்லை.